கதவு வரையக் கற்றவன்

கைப்பேசியிலும் கணினியிலும் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகளைப் பற்றி நம்முள் பலருக்கு ஒரே ஒரு கருத்துதான் உண்டு. அது பொழுதைத் தின்னும் பூதம், கண்ணைக் கெடுக்கும் கருவி, படிப்புக்குப் பகை. மறையுரைகளில் நானும் அவ்வாறு பேசியதுண்டு; அப்பேச்சில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும் அந்தத் திரைக்குள் தெரியும் காடும் கோட்டையும் குதிரையும் குடிசையும் எங்கிருந்து வந்தன என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வானத்திலிருந்து மழை பெய்வதுபோல அவை தாமே பெய்தன என்று எண்ணிக்கொள்கிறோம் போலும். அவற்றுள் ஒவ்வொன்றையும், வழியோரத்தில் கவிழ்ந்து கிடக்கும் ஓர் உடைந்த வாளியைக்கூட, யாரோ ஒருவர் முதலில் கையால் வரைந்து பார்த்திருக்கிறார். அவ்வாறு வரைவதற்கென்றே ஒரு தொழில் உண்டு. அத்தொழிலைப் பயிலச் சென்ற ஓர் இளைஞனை நான் அறிவேன். அவனைப் பற்றியும், அவன் பயின்றதைப் பற்றியும், அவன் தந்தையைப் பற்றியும் இங்கே எழுத விழைகிறேன். பெயரைக் குறிப்பிட அவர்கள் விரும்பவில்லை. ஆதலின் பெயரின்றியே எழுதுகிறேன்.

தந்தையிடமிருந்து தொடங்குவதே முறை. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பங்கொன்றில் நான் பணியாற்றிய காலத்தில் அவர் எனக்குப் பழக்கமானார். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். கடைப் பெயர்கள், லாரிகளின் நெற்றி வாசகங்கள், தேர்தல் காலச் சுவரெழுத்துகள், திருவிழாக் கொடியேற்றத்துக்கான துணிப் பதாகைகள் எல்லாம் அவர் கைவண்ணமே. கெபியில் நிற்கும் மாதா சுரூபத்துக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை வண்ணம் தீட்டுவதும் அவரே. அதற்கு மட்டும் கூலி வாங்கமாட்டார். சுவரில் எழுதுவதற்கு முன் சுண்ணாம்பில் நனைத்த நூலை இருபுறமும் பிடித்துச் சுண்டி, நேர்கோடு விழச் செய்வார். பின்னர்ப் பத்தடி பின்வாங்கிச் சென்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். “பஸ்ஸுல போறவன் படிக்கணும் சாமி. பக்கத்துல நிக்கிறவனுக்கு எழுதுறது எழுத்தே இல்ல” என்பார்.

2000-ஆம் ஆண்டை ஒட்டி நம் ஊர்களுக்கு ஃபிளக்ஸ் அச்சு வந்தது. ஒரே இரவில், எந்த அளவிலும், புகைப்படத்தோடு பதாகை ஆயத்தமாகும் விந்தை அது. தூரிகையால் மூன்று நாள் எழுதிய பலகையின் விலையில் பத்துப் பதாகைகள் கிடைத்தன. சில ஆண்டுகளுக்குள் தமிழகத்தின் பலகை ஓவியர்கள் பெரும்பாலோர் தொழிலை விட்டனர். சிலர் ஃபிளக்ஸ் கடைகளிலேயே கணினியின்முன் அமர்ந்தனர். சிலர் வளைகுடாவுக்குச் சென்றனர். நம்மவர் வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலைக்குப் போனார். சுவரும் கதவும் சன்னலும் பூசினார், எழுத்து எழுதவில்லை. மாதா சுரூபத்தை மட்டும் விடவில்லை. மகன் பிறந்து, ஐந்து வயதில் சிலேட்டில் கப்பல் வரைந்தபோது, மகிழ்வதற்குப் பதிலாகச் சிலேட்டைப் பிடுங்கி வைத்துவிட்டார் என்று அவர் மனைவி சொல்லி வருந்தியதை நான் கேட்டிருக்கிறேன்.

மகன் வரைவதை நிறுத்தவில்லை. கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படித்தான். 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெங்களூரிலுள்ள ஒரு விளையாட்டு நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சியாளனாகச் சேர்ந்தான். கொடுத்த உதவித்தொகை அறை வாடகைக்கும் இருவேளை உணவுக்கும் சரியாகப் போனது. அதே வேளையில் அருள்பணியாளர்களுக்கான மூன்று மாதப் புதுப்பிப்புப் பயிற்சிக்கு நானும் பெங்களூர் சென்றிருந்தேன். ஞாயிறு மாலைகளில் என்னைப் பார்க்க வருவான். அதற்கு முன்னரே தந்தையிடமிருந்து தொலைபேசி வந்துவிட்டது. “சாமி, அவன் பேங்க் பரீட்சை எழுதணும். நான் சொன்னா ஏறாது. நீங்க சொன்னாக் கேப்பான்.” பார்ப்போம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஒருவன் என்ன செய்கிறான் என்று அறியாமலே அதை விடச் சொல்வது எனக்கு முறையாகத் தோன்றவில்லை.

அத்தொழிலின் பெயர் கான்செப்ட் ஓவியம். குருமடத்தில் இலத்தீன் வினைச்சொற்களை மனப்பாடம் செய்தவனாதலால் அச்சொல்லின் வேர் எனக்கு உடனே புலப்பட்டது. எண்ணத்தில் கொள்ளுதல், கருத்தரித்தல் ஆகிய இரு பொருளும் தரும் வினையிலிருந்து பிறந்தது அது. மூவேளைச் செபத்தின் இலத்தீன் பாடத்தில் வருவதும் அவ்வினையே. எனவே ‘கருவோவியம்’ எனலாமே என்றேன். அவன் சிரித்தான். “எங்க ஆபீஸ்ல தமிழ் பேசுறவங்க நாலு பேர் ஃபாதர். நாலு பேரும் கான்செப்ட்னுதான் சொல்றோம்” என்றான். தொழில் செய்வோர் சொல்லே சொல். ஆதலின் நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

விளையாட்டு ஒன்றை உருவாக்கும்போது கதாசிரியர், நிரலர், முப்பரிமாண உருவங்களைச் செதுக்குவோர், ஒளியமைப்போர் எனப் பலர் உழைக்கின்றனர். ‘மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட ஓர் ஊர்’ என்று கதாசிரியர் ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த ஊர் எப்படியிருக்கும் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் ஒவ்வொரு விதமாகக் கண்டுகொண்டு வேலை செய்தால் பாபேல் கோபுரக் கதைதான் நிகழும். ஆகவே அனைவரும் ஒரே ஊரைக் காணும்படி முதலில் அதை வரைந்து காட்டுபவர் கான்செப்ட் ஓவியர். அவர் வரைவது விற்பனைக்கான படமன்று. சுவரில் மாட்டுவதற்கும் அன்று. பின்னால் செதுக்கப் போகிறவருக்கு எழுதும் கடிதம் என்று அதைச் சொல்லலாம். ஆதலால் அழகாக வரைந்தால் மட்டும் போதாது. கதவின் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், தாழ்ப்பாளின் தனிப்படம், மரமா இரும்பா என்னும் குறிப்பு, அளவு தெரிய அருகில் ஒரு மனித உருவம் ஆகிய இத்தனையும் வேண்டும்.

முதல் மாதம் முழுவதும் தனக்குக் கதவுகளும் பெட்டிகளும் பீப்பாய்களும் மட்டுமே தரப்பட்டன என்றான். பறவைநாகங்களையும் கவசம் பூண்ட வீரர்களையும் வரையும் கனவோடு போனவனுக்கு அது பெருத்த ஏமாற்றம். அவனுக்கு மேலிருந்த மூத்த ஓவியர் ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். பனிபடர்ந்த மலையூர் ஒன்றின் வீட்டுக் கதவை வரையச் சொல்லியிருக்கிறார். இவன் இரண்டு நாள் உழைத்து, செதுக்கு வேலைப்பாடுகளோடு கண்ணைப் பறிக்கும் கதவொன்றை வரைந்துகொண்டு போனான். அவர் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டாராம். இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? கதவை எந்தக் கையால் திறக்கிறார்கள்? காலணியில் ஒட்டிய பனியை எங்கே தட்டுகிறார்கள்? ஒன்றுக்கும் இவனிடம் விடையில்லை.

பனிமய அன்னையின் திருவிழாவை ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5-ஆம் நாள் கொண்டாடும் கரையில் பிறந்தவன் அவன். ஆனால் பனியைக் கண்டதில்லை. (நானும் உரோமைக்குப் போகும்வரை கண்டதில்லை. அன்னைக்குப் பனி என்பது எங்கள் ஊரில் சப்பரத்தைச் சுற்றி ஒட்டும் பஞ்சுதான்.) ஒரு வாரம் அவன் பனி நாட்டு வீடுகளின் புகைப்படங்களைத் திரட்டினான். கூரைகள் ஏன் செங்குத்தாக இருக்கின்றன, இறவாரத்தின் கீழ் விறகை ஏன் அடுக்குகிறார்கள், கதவு உட்புறமாகத் திறந்தால் என்ன வசதி என்பவற்றையெல்லாம் படித்தான். இரவோடிரவாக வெளியே பனி குவிந்துவிட்டால் வெளிப்புறமாகத் திறக்கும் கதவைத் தள்ளவே இயலாதாம். பிறகு அவன் வரைந்த கதவில் வேலைப்பாடு ஏதுமில்லை. கைப்பிடியைச் சுற்றி மரம் தேய்ந்து பளபளத்தது. படியோரத்தில் காலணி சுரண்டும் இரும்புத் தகடு ஒன்று இருந்தது. கீழ்ப்பலகை ஈரத்தில் கறுத்து, ஒரு முறை மாற்றப்பட்டிருந்தது. மாற்றிய பலகையின் ஆணிகள் மட்டும் புதியவை. அந்த வீட்டில் ஒரு கிழவர் தனியே இருக்கிறார் என்பது கதவைப் பார்த்தாலே தெரியும் என்றான்.

அவன் சொல்லக் கேட்டேனே தவிர, அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. நிறுவனத்துக்காக வரைந்த எதையும் வெளியாருக்குக் காட்டுவதில்லை என்று அவன் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தான். விளையாட்டின் பெயரைக்கூடச் சொல்லமாட்டான். ஒப்புரவுத் தொட்டியின் முத்திரையைக் காப்பவனுக்கு இது புரியாதா என்ன? நானும் துருவவில்லை. ஆனால் பாடத்தை மறவாதிருக்கத் தன் அறையில், தன் சொந்த நேரத்தில், வேறு கதவுகளை வரைந்து பழகியிருந்தான். அவற்றை மடிக்கணினியில் எடுத்து வந்து காட்டுவான். இந்தக் கட்டுரையில் நான் கண்டவையாகச் சொல்வன அவையே.

பனி காணாதவன் பனியூரை வரைய நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்திய விளையாட்டு நிறுவனங்கள் பலவும் அயல்நாட்டு விளையாட்டுகளுக்கான கலைப்பணியைச் செய்து கொடுத்தே வளர்ந்தவை. 1997-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ் இத்துறையின் முன்னோடி. அதனை 2017-இல் ஸ்வீடன் நிறுவனமான ஸ்டார்ப்ரீஸ் வாங்க, 2019-இல் அது ராக்ஸ்டார் நிறுவனத்தின் கைக்கு மாறியது. நம் நாட்டுக் கதையை நம் கையால் வரையும் முயற்சிகள் அண்மைக் காலத்தவை. புனே நகரத்துக் குழுவொன்று 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’ என்னும் விளையாட்டு பஹாரிச் சிற்றோவிய மரபைத் தழுவியது. 2023-இல் கனடாவிலிருந்து ‘வெண்பா’ வந்தது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுக்களைதான் அதன் களம். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது அதில் வரும் முதற்புதிர். “இட்லித் தட்டுல ஓட்டை எங்க இருக்கும்னு பார்த்து வரையறவனுக்கும், தெரிஞ்சு வரையறவனுக்கும் வித்தியாசம் தெரியுது ஃபாதர்” என்றான். அவன் குரலில் சற்றே பொறாமை இருந்தது.

இத்தொழிலின் அடிப்படைப் பயிற்சிகளுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் உருவத்தின் கண், மூக்கு, உடை எதையும் வரையாமல் கறுப்பு நிழலாக மட்டும் முதலில் வரைய வேண்டும். அந்த நிழலைக் கண்டே இவன் யாரென்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எத்துணை வண்ணம் பூசினாலும் பயனில்லை. வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’ விளையாட்டில் வரும் ஒன்பது வகை வீரர்களும் தொலைவிலிருந்து நிழலுருவைக் கொண்டே வேறுபடுத்தி அறியும்படி அமைக்கப்பட்டவர்கள். நிழலுக்குப் பின் சாம்பல் நிறத்தின் மூன்று நான்கு படிநிலைகள். அதற்குப் பின்னரே வண்ணம். வரைந்ததைச் சோதிக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று அந்த மூத்த ஓவியர் சொல்லிக்கொடுத்தாராம். இதைச் சொல்லிவிட்டு அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, “அப்பா செய்றதுதான்” என்றான்.

குறைவே வடிவத்தைத் தரும் என்பதற்கு அவன் சொன்ன மற்றொரு செய்தி. ஜப்பானியரான ஷிகெரு மியாமோட்டோ 1977-இல் கியோட்டோவின் நின்டெண்டோ நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தவர். 1981-இல் ‘டாங்கி காங்’ விளையாட்டுக்கு அவர் ஒரு மனிதனை வரைய வேண்டியிருந்தது. இருந்தவையோ விரல்விட்டு எண்ணத்தக்க சில புள்ளிகள். தலைமயிர் அசைவதைக் காட்ட இயலாது, ஆகவே தொப்பி. வாய்க்கு இடமில்லை, ஆகவே மீசை. கை வீசுவது தெரிய வேண்டும். ஆகவே சட்டைக்கும் மேலுடைக்கும் வெவ்வேறு நிறம். உலகமெங்கும் பிள்ளைகள் அறிந்த மாரியோ இவ்வாறு பிறந்தான்.

குருமடத்தில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு இங்கே நினைவுக்கு வந்தது. கட்டுபவன் மனத்தில் வீட்டின் வடிவம் முன்னரே இருப்பதுபோலப் படைப்பவரின் அறிவில் படைப்புகளின் கருத்துருக்கள் இருக்கின்றன என்று புனித அக்குவினா தோமையார் தம் இறையியல் தொகுப்பில் விளக்குகிறார். உன் மனத்திலும் கதவு முன்னரே இருக்குமோ என்று அவனிடம் கேட்டேன். “இருக்காது ஃபாதர். இருக்குன்னு நினைச்சு உட்காருவேன். முதல் கோடு போட்டதும் அது இல்லேன்னு தெரியும். நாற்பது குட்டிப் படம் போட்டா முப்பதாவதுல எங்கேயோ அது எட்டிப் பார்க்கும்” என்றான். நான் தோமையாரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பேசியது இறைவனைப் பற்றி. ஆனால் மனிதக் கலைஞனைப் பொறுத்தமட்டில் அவன் கூற்று சரியென்றே படுகிறது. நமக்குக் கருத்து முன்னும் கை பின்னுமாக எப்போதும் வருவதில்லை. கை தேடித்தேடிச் சென்று கண்ட பிறகே, இதைத்தான் எண்ணினேன் என்று மனம் உரிமை கொண்டாடுகிறது. மறையுரை எழுதும்போது எனக்கும் அப்படித்தான்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் முகம் வாடி வந்தான். ஐந்து வாரமாக அவனும் மற்றோர் இளைஞனும் வரைந்த சந்தைத் தெரு முழுவதும் விளையாட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. படங்களில் குறையில்லை. கதையின் அந்தப் பகுதியே வேண்டாம் என்று அயல்நாட்டு நிறுவனம் முடிவு செய்துவிட்டது. கடைகள், தராசுகள், மீன்கூடைகள் எல்லாம் ஒரு கோப்புக்குள் போய்ச் சேர்ந்தன. அவற்றை வெளியே காட்டவும் உரிமையில்லை. இத்தொழிலில் வரைவனவற்றுள் பெரும்பகுதி இவ்வாறே மறையும் என்றும், எஞ்சியவையும் முப்பரிமாண உருவத்தின் அடியில் மறைந்துதான் போகும் என்றும் மூத்தவர் ஆறுதல் கூறினாராம். அந்த ஆறுதல் அவனுக்குப் போதவில்லை.

உரோமையில் பயின்ற ஆண்டுகளில் நான் பீசா நகருக்குச் சென்றதை அப்போது அவனிடம் சொன்னேன். எல்லாரும் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்கப் போகும் அதே சதுக்கத்தில், காம்போசாந்தோ என்னும் பழைய கல்லறை மண்டபம் உள்ளது. அதன் சுவர்கள் முழுதும் 14, 15-ஆம் நூற்றாண்டுகளின் சுவரோவியங்கள் இருந்தன. 1944 ஜூலை 27 அன்று போரின்போது விழுந்த குண்டால் கூரை தீப்பற்றியது. ஈயத் தகடுகள் உருகிச் சுவர்களின்மேல் வழிந்தன. எஞ்சிய ஓவியங்களைக் காப்பாற்ற அவற்றை உரித்தெடுத்தபோது, அடியில் வேறு ஓவியங்கள் வெளிப்பட்டன. ஓவியர்கள் வண்ணம் தீட்டுவதற்கு முன் செம்மண்ணால் வரைந்து பார்த்த கோடுகள் அவை. அச்செம்மண், கருங்கடல் கரையிலுள்ள சினோப் நகரின் பெயரால் சினோப்பியா எனப்படுகிறது. தம்மீது ஈரச்சாந்து பூசப்படும், எவர் கண்ணிலும் படமாட்டோம் என்று அறிந்தே வரையப்பட்ட கோடுகள். அவற்றுள் சில மேலே தீட்டிய ஓவியத்தோடு ஒத்துப்போகவில்லை. கீழே ஒரு விதம் எண்ணி, மேலே வேறு விதம் தீட்டியிருக்கிறார்கள். 1979 முதல் அவற்றுக்கென்று தனி அருங்காட்சியகமே அங்கு இருக்கிறது. நான் சென்ற நாளில் கோபுரத்தைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். இங்கே என்னையும் காவலரையும் தவிர ஆளில்லை. வண்ணமற்ற அந்தச் சிவப்புக் கோடுகளில், தயங்கித் திருத்திய கை தெரிந்தது. அவன் கவனமாகக் கேட்டான். பின், “அவங்களுக்கு அடியிலயாவது சுவர் இருந்துச்சு ஃபாதர்” என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அவன் சோர்வுக்கு அடியில் வேறோர் அச்சமும் இருந்தது. சொற்களைக் கொடுத்தால் படத்தைக் கொடுக்கும் இயந்திரங்கள் 2022-ஆம் ஆண்டில் பொதுமக்கள் கைக்கு வந்தன. மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்பன அவற்றுள் சில. அவ்வாண்டே அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சந்தையில் நடந்த கலைப்போட்டியில், இயந்திரத்தின் துணையால் ஆக்கிய படம் ஒன்று டிஜிட்டல் கலைப் பிரிவில் முதற்பரிசு பெற்றது. போலந்து நாட்டு கான்செப்ட் ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரைக் கட்டளையில் சேர்த்து, அவர் பாணியில் எண்ணற்ற படங்களை மக்கள் உருவாக்கிக் குவித்தனர். ஓவியர்கள் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் டிசம்பர் மாதம் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2023 ஜனவரியில் ஓவியர் மூவர் கலிஃபோர்னிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவர்களுள் கார்லா ஓர்ட்டிஸ் இதே கான்செப்ட் ஓவியத் தொழிலைச் செய்பவர். தாங்கள் வரைந்தவற்றை இசைவின்றி எடுத்து இயந்திரத்துக்குக் கற்பித்துவிட்டனர் என்பது அவர்கள் முறையீடு.

இயந்திரம் வரைவது அழகாயில்லை என்று அவன் சொல்லவில்லை. “என்னைவிட அழகா வரையுது. ஆனா இந்த வார் எதுக்கு, இந்த ஆணி எதுக்குன்னு கேட்டா அதுக்குச் சொல்லத் தெரியாது. முன்பக்கம் ஒரு கதவு காட்டும், பின்பக்கம் கேட்டா வேற கதவு வரும்” என்றான். அடுத்த நொடியே, அதையும் அது கற்றுக்கொள்ளும் என்று தானே சொன்னான். அவனை வருத்தியது வேறொன்று. பீப்பாய், பெட்டி, கதவு, நாற்பது குறும்படங்கள் ஆகிய இந்தத் தொடக்கநிலை வேலைகளையே இயந்திரத்திடம் முதலில் கொடுப்பார்கள். அவனுக்கு முந்திய ஆண்டில் எடுத்த அளவு பயிற்சியாளரை அவன் ஆண்டில் எடுக்கவில்லையாம். மூத்தவர்களுக்கு வேலை இருக்கும். ஆனால் கதவு வரையாதவன் எப்படி மூத்தவன் ஆவான்? இக்கேள்வி ஓவியருக்கு மட்டும் உரியதன்று என்று எனக்குத் தோன்றுகிறது. சலிப்பூட்டும் சிறு வேலைகளின் வழியாகவே எத்தொழிலும் ஒருவனுக்குள் இறங்குகிறது. அவ்வேலைகளை அகற்றிவிட்டால் கூலி மிச்சமாகும் என்பது கண்கூடு. அதனால் இழப்பது எத்தனை என்பது இருபது ஆண்டு கழித்தே தெரியும்.

ஃபிளக்ஸ் என்னும் சொல்லை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை முழுவதும் அது எங்கள் நடுவே அமர்ந்திருந்தது.

ஆகஸ்ட் மாதம் நவநாள் மறையுரை ஒன்றுக்காக அந்தக் கரைக்குச் சென்றேன். பயிற்சி முடிந்து அவனும் வீட்டுக்கு வந்திருந்தான். நிரந்தர வேலை தரவில்லை. ஓராண்டு ஒப்பந்தம் மட்டும் தருவதாக நிறுவனம் சொல்லியிருந்தது. தந்தை என்னைத் தனியே பார்க்க வந்தார். “சொன்னீங்களா சாமி?” என்றார். சொல்லவில்லை என்றேன். பின்னர் நான் அவரை ஒன்று கேட்டேன். “நீங்கள் தூரிகையைக் கையில் எடுத்த நாளில், இருபது ஆண்டில் ஃபிளக்ஸ் வந்து எல்லாவற்றையும் அழிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா?” அவர் நெடுநேரம் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “விட்டிருக்கமாட்டேன் சாமி” என்றார். பிறகு, “ஆனா கல்யாணம் கட்டியிருக்கமாட்டேன்” என்றார்.

இந்த விடையின் இரண்டாம் பகுதியை நான் எதிர்பார்க்கவில்லை. தொழிலுக்காகத் தான் பட்டினி கிடப்பதை அவர் பொறுப்பார். அதன் விலையை மனைவியும் மகனும் கொடுத்ததுதான் அவரை இத்தனை ஆண்டுகள் அறுத்துக்கொண்டிருந்தது. சிலேட்டைப் பிடுங்கியவரின் சினத்துக்குப் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. மகனிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா என்றேன். “இதெல்லாம் பெத்த பிள்ளைகிட்டச் சொல்ற பேச்சா?” என்றார்.

அன்றிரவு அவர்கள் வீட்டில் எனக்கு உணவு. உண்டபின் மகனிடம், நீ வரைந்த கதவை அப்பாவுக்குக் காட்டு என்றேன். அவன் தயக்கத்தோடு மடிக்கணினியைத் திறந்தான். வரைபலகையையும் பேனாவையும் இணைத்தான். தந்தை முதலில் படத்தைப் பார்க்கவில்லை. பேனாவைத்தான் கையில் எடுத்துத் திருப்பித்திருப்பிப் பார்த்தார். “அழுத்தினா தடிக்குமா?” என்றார். தடிக்கும் என்றான் மகன். வெற்றுத் தாளைப்போல ஒன்றைத் திரையில் திறந்து கொடுத்தான். கை பலகையிலும் கண் திரையிலுமாக வரைவது அவருக்குப் பிடிபடவில்லை; இரண்டு மூன்று கோடுகள் எங்கெங்கோ ஓடின. பிறகு அவர் ‘அ’ என்று எழுதினார். பட்டைத் தூரிகையால் எழுதுவது போலவே, சுழியில் மெலிந்து வளைவில் தடித்து இறங்கும் எழுத்து. அவர் மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுக்கு மேலாயிற்று, இந்த வீட்டில் அவர் எழுத்து விழுந்து.

அதன் பிறகே பனியூரின் கதவைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, சுவரோரம் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அருகில் வந்தும் பார்த்தார். தேய்ந்த கைப்பிடியையும் மாற்றிய பலகையையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இது எந்தப் பக்கம் திறக்குது?” என்றார். “உள்பக்கம்ப்பா” என்று மகன் பனி குவியும் காரணத்தை விளக்கத் தொடங்கினான். அவர் முடிக்கவிடவில்லை. “அப்போ கீலோட முடிச்சு ஏன் வெளியே தெரியுது? உள்ளே திறக்குற கதவுல கீல் உள்ளேதானே இருக்கும்?” இருபது ஆண்டுகளாக ஊரார் வீட்டுக் கதவுகளுக்கு வண்ணம் பூசியவர் அவர்.

மகன் படத்தை உற்றுப் பார்த்தான். என்னையும் பார்த்தான். பேனாவை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, மேற்கீலை அழிக்கத் தொடங்கினான். தந்தை நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மணி பத்தைக் கடந்துவிட்டது. விடியற்காலைத் திருப்பலி எனக்கிருந்ததால் நான் விடைபெற்றேன். ஒப்பந்தத்தில் அவன் கையொப்பமிட்டுவிட்டதாகவும், வங்கித் தேர்வு விண்ணப்பத்தையும் அப்பா தன் கையாலேயே நிரப்பி அனுப்பிவிட்டதாகவும் செப்டம்பரில் செய்தி வந்தது.